பொதுச்சுவர்

சாட்ஸ்வர்த்தில் எங்கள் வரிசையில்
இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்.
நான் ஆணி அடித்தால்
மூட்லி வீட்டுக் காலண்டர் ஆடும்.

வெள்ளிக்கிழமை சம்பளம்.
அவர் கார் வந்து நிற்கும் விதத்தை வைத்தே
எத்தனை பிராந்தி என்று குபன் சொல்லிவிடுவார்.
ரிமோட்டை எடுப்பது நான்.
இருபதில் இருக்கும் சத்தம் முப்பத்தைந்துக்கு ஏறும்.
சீரியலில் யாரோ அழுவார்கள்,
அது போதும் எங்களுக்கு.

அன்றைக்கு மின்வெட்டு.
ஃபிரிட்ஜின் உறுமல்கூட இல்லை.
தட்டில் கைவைத்தபடி இருட்டில் இருந்தோம்.
முதலில் பெல்ட்டின் கொக்கி.
பிறகு தெவாஷ்னி எண்ணுவது:
வன், டூ, த்ரீ…
ஆறில் தடுமாறினாள்.
மறுபடி வன்.

அவளுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தது நான்.
கிரேடு ஆர் வகுப்பில்,
பாட்டில் மூடிகளை வைத்து.

பள்ளி மேசையில் படிவம் இருக்கிறது.
பெயர் தெரியும்.
முகவரி, என் கதவுக்கு அடுத்த எண்.
‘உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?’
அந்தக் கட்டத்தில் பேனா நிற்கிறது.
சுவர் என்று எழுதினால்
சுவருக்கு இரண்டு பக்கம்தானே.

குபன் சொல்கிறார்:
உனக்கு ரத்தம் போன ராத்திரி
ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டியது யார்?
குடித்திருந்தாரே.
குடித்திருந்தார், ஓட்டினார்.

துணி காயப்போடும் இடத்தில் மோகாம்பாள்
கிளிப்பை வாயில் கடித்தபடி,
காவடி விரதத்தில் பத்து நாள் தொடமாட்டார் மிஸ்,
பிள்ளையும் அந்தப் பத்து நாள் நன்றாகத் தூங்கும், என்றாள்.
சொன்ன பிறகுதான்
என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.
கிளிப் விழுந்தது. இருவரும் குனியவில்லை.

போலீஸ் ஸ்டேஷனா?
சனிக்கிழமை மூட்லி வீட்டுக் கரியடுப்பில்
ஆட்டுக்கறி திருப்புகிறவர்
அந்த ஸ்டேஷன்காரர்தான்.

திங்கள் காலை, இடைவேளை மணி அடித்ததும்
என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.
முழங்கை வரை ஜெர்சி. ஜனவரி வெயில்.
“மிஸ், வெள்ளிக்கிழமை
உங்க டிவி ஓடலையே?”
நான் பதில் தேடுவதற்குள்
அவளே என்னைத் தேற்றினாள்:
“பரவாயில்லை மிஸ்.
கரண்ட் போனா யாருக்கும் ஓடாது.”

இவ்வளவு நாளும்
எங்கள் சத்தத்தை அவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இப்போது செவ்வாய், சாயங்காலம்.
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு
எண்ணை அழுத்தினேன்.
ஒரு பெண் குரல், இளமையானது, அவசரமில்லாதது:
உங்கள் பெயர்?

குழாயை மூடினேன்.
அந்தப் பக்கம் யாரோ ஆணி அடிக்கிறார்கள்.
என் சுவர்க் கண்ணாடி ஆடுகிறது, அதில் நானும்.
ஹலோ, என்கிறது குரல்,
லைனில் இருக்கிறீர்களா?