இரண்டு நாற்பது முதல் மூன்றரை வரை

பார்வைக்குக் கைக்கடிகாரம்தான்,
நேரம் மட்டும் காட்டாது.
பதினான்கு நாள் கழற்றக் கூடாது என்றாள்
மதுரையிலிருந்து வந்த கார்குழலி.
குளிக்கையில்?
குளிக்கையிலும்.
கையுறை மாட்டுகையில்?
உள்ளேயே இருக்கட்டும் அக்கா.
அசைந்தால் விழிப்பு, அசையாவிட்டால் உறக்கம்,
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

மண்டபம் அரசு மருத்துவமனையில்
அந்த மாதம் எனக்கு ஏழு இரவு.
ஜமீலாவின் மகனுக்கு டெங்கு வந்ததில்
இன்னும் நான்கு.

படிவம் மூன்று பக்கம்.
உட்கார்ந்து வாசிக்கையில் கண்ணயர்வீர்களா,
தொலைக்காட்சி பார்க்கையில்,
மதியம் சாப்பிட்டபின் சும்மா இருக்கையில்?
சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண் இடவும்.
நின்றபடி
சலைன் சொட்டுகளை எண்ணுகையில் என்று
ஒரு கேள்வி இல்லை.
இருந்திருந்தால் நான்கு போட்டிருப்பேன்.

பதினைந்தாம் நாள் வந்தாள்.
மடிக்கணினியில் என் இரவுகள்
கறுப்புக் கறுப்பாய், நண்டு நடந்த மணல்போல.
ஒரே ஓர் இடம் மட்டும் வெறுமை.
'ஒன்பதாம் தேதி நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள் அக்கா,
இரண்டு நாற்பது முதல் மூன்றரை வரை.
இரண்டு வாரத்தில் இதுதான் ஆழ்ந்த உறக்கம்.'

ஒன்பதாம் தேதி.
கச்சான் காற்று ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது.
அருள்செல்வி, எட்டாம் மாதம்,
வலிப்பு வந்து அப்போதுதான் அடங்கியிருந்தது.
மெக்னீசியம் போட்டாயிற்று.
ஆம்புலன்ஸ் ராமேஸ்வரம் போயிருந்தது, இன்னொரு வலிக்கு.
என் இடது கையைத் தன் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டாள்.
எடுத்தால் திடுக்கிட்டாள்.
எடுக்கவில்லை.
மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்குப் பதினாறு.
பதினாறு. பதினைந்து. பதினாறு.
மரத்துப்போன அந்தக் கையில்தான் இருந்தது
அசைவை அளக்கும் கருவி.

இதைச் சொன்னேன்.
அவள் விசைப்பலகைமேல் விரலை வைத்தபடி இருந்தாள்.

இன்னொன்றும் சொன்னேன்.
காலை ஏழரைப் பேருந்தில்
பாம்பன் பாலம் ஏறுமுன்னே உறங்கிவிடுவேன்.
பாலத்துக் காற்றில் வண்டி குலுங்கக் குலுங்க
தலை கம்பியில் இடிக்க இடிக்க உறங்குவேன்.
தங்கச்சிமடத்தில் இறங்க வேண்டியவள்
இரண்டு முறை ராமேஸ்வரத்தில் கண் விழித்தேன்.
நடத்துநர் சேசையா திரும்பும் வண்டியில் ஏற்றிவிட்டார்,
டிக்கெட் கேட்கவில்லை.
அதையெல்லாம் உன் கருவி
விழிப்பென்று எழுதியிருக்கும், பார்.

பார்த்தாள்.
எழுதியிருந்தது.

'இருபத்தேழாவது கேள்வியை விட்டுவிட்டீர்களே' என்றாள்.
சோர்வினால் கடந்த மாதம் தவறு நேர்ந்ததா,
அல்லது நேர இருந்ததா?
பெயர் வேண்டாம், எண் போதும் என்றாள்.
என் எண் பதினேழு.
இரவில் நாங்கள் இரண்டே பேர் இருக்கும் வார்டில்
பதினேழு யாரென்று
வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும்.

பொட்டாசியமும் ஊசித் தண்ணீரும்
ஒரே உயரம், ஒரே பிளாஸ்டிக் கழுத்து,
ஒரே தட்டில் கிடந்தன.
உடைத்துவிட்டேன்.
ஊசியில் ஏற்றியும்விட்டேன்.
கட்டிலில், சொறி சுட்ட காலோடு
பாசி எடுக்கப் போன பெண் ஒருத்தி
'ஏன்க்கா, இது எரியுமா?' என்று கேட்டாள்.
எரியாது என்று சொல்ல வாயெடுத்து
குப்பியைத் திருப்பிப் பார்த்தேன்.

அவள் கேட்காமல் இருந்திருந்தால் என்று
பகலில் படுக்கும்போதெல்லாம் வந்து நிற்கிறது.
அந்த விழிப்பு எந்தக் கறுப்பில் சேரும்?

கருவியைக் கழற்றிக் கொடுத்தேன்.
மணிக்கட்டில் வெளுத்த ஒரு வளையம்.
கார்குழலி பையை மூடிக்கொண்டிருந்தாள்.
'படிவத்தைக் கொடு' என்றேன்.

இருபத்தேழுக்கு நேரே ஆம் என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தில்
எத்தனை முறை என்று இருந்தது.

யோசித்துக்கொண்டிருந்தேன்.
வெளியே ஏழரைப் பேருந்து
ஒலி எழுப்பிவிட்டு
எனக்காகக் கொஞ்சம் நின்றது.