இரட்டைக் கோடு

வேலூரில் அந்தப் பெண் டாக்டர்
எங்கள் குடும்பத்தைப் படமாகப் போட்டார்.
ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம்.
எனக்கும் பாவாவுக்கும் நடுவில் மட்டும்
ரெண்டு கோடு.
பேனா நழுவிவிட்டதென்று நினைத்தேன்.
இல்லை,
சொந்தத்தில் கட்டியவர்களுக்கு
அப்படித்தான் போடுவார்களாம்.

லிகிதாவுக்கு ஒன்றரை வயதில்
நாலு வார்த்தை இருந்தது.
தண்ணி. காக்கா. ரா. வத்து.
பள்ளிப்பட்டில் ரெண்டு, நகரியில் ரெண்டு
பொறுக்கியிருக்கிறாள் என்று பாவா சிரிப்பார்.
அடுத்த பிறந்தநாளுக்குள் நாலும் போயின,
சொல்லிக்கொள்ளாமல்.
பிறகு நடை.

புத்தூருக்குத் தூக்கிப் போனோம்.
கட்டுப் போடுகிறவர் முழங்காலை அமுக்கிப் பார்த்து
எலும்பில் ஒன்றுமில்லை அம்மா என்று
காசு வாங்காமல் அனுப்பினார்.
கிரகணத்தன்று நீ பஸ் ஏறினாய் என்றாள் அத்தை.
நாலு வருஷம்
நானும் அதை நம்பினேன்.

காகிதத்தில் நோய்க்குப் பெயர் இல்லை.
சில எழுத்து, ஓர் எண், ஒரு அம்புக்குறி.
"உலகத்தில் இதுவரை முப்பத்தொரு பிள்ளைகள்" என்றார்.
முப்பத்திரண்டாவது என் இடுப்பில் இருந்தது,
அதன் எச்சில் என் தோளில்.
முந்நூறு கோடி எழுத்தில்
ஒன்றே ஒன்று பிசகு.
என்னிடம் ஒரு பிரதி, பாவாவிடம் ஒரு பிரதி.
தனித்தனியாக இருந்தவரை
அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை.
"லிகிதா என்றால் என்ன அர்த்தம்?"
எழுதப்பட்டவள் என்றார் பாவா.
சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் வட்டத்தில் பாதி கறுப்பு.
அவர் கட்டத்தில் பாதி.
அவள் வட்டம் முழுக்க.
மேலே தாத்தாவின் கட்டத்தில் கேள்விக்குறி.
மாந்தோப்பு வெளியே போகக்கூடாதென்று
மகன் பெற்ற பெண்ணை
மகள் பெற்ற பையனுக்குப் பேசிவைத்தவர்.
தோப்பு போகவில்லை.
இதுவும் போகவில்லை.

ஆவணியில் முகூர்த்தம்,
என் தங்கை பிரத்யுஷாவுக்கும்
பாவாவின் தம்பி சுதீருக்கும்.
பத்திரிகை நகரியில் அச்சாகிறது,
ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழ்.
அந்தக் காகிதத்தை பீரோவில் வைத்துப் பூட்டு
என்றாள் அத்தை.
பூட்டினேன்.
சாவியைப் பிரத்யுஷாவிடம் கொடுத்தேன்.

விடியற்காலை பஸ்ஸில் ரெண்டு பேரும் போனார்கள்,
முன் சீட்டில் அவள், கடைசி சீட்டில் அவன்.
முழங்கைப் பஞ்சோடு மத்தியானம் திரும்பினார்கள்.
முடிவு வர ஆறு வாரம்.
"ரெண்டு பேருக்குமே இருந்தால், அக்கா?"
நாலில் ஒன்று என்று சொல்லத் தெரியும்.
ஒவ்வொரு முறையும் நாலில் ஒன்று
என்றும் சொல்லத் தெரியும்.
சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.
ஒரு வாய்க்கு ஐந்து நிமிஷம்.

அச்சகத்திலிருந்து போன்.
மாப்பிள்ளை பேரில் ஒரு புள்ளி விழவில்லையாம்,
ஒரே ஒரு புள்ளி,
பரவாயில்லையா, ஓட்டிவிடலாமா?
நிறுத்துங்கள் என்றேன்.
எதை என்று கேட்டார்.
லிகிதா மின்விசிறியைப் பார்த்து
உரக்கச் சிரித்தாள்.