சாட்சிகள் தீர்ந்த பிறகு

உலை முதன்முதலில் சூடேறிய அன்று
உள்ளே தொங்கவிட்டார்கள்
சுவரை வார்த்த அதே எஃகில் அறுத்த துண்டுகளை.
சுண்டுவிரல் நீளம், நடுவில் ஒரு வெட்டு.
ஸ்லோவாக் மொழியில் அவற்றைச் சாட்சிகள் என்கிறோம்.
நெருப்புக்குச் சுவரைவிட நெருக்கமாக இருந்தன,
சுவர் நாளை அடையும் வயதை
இவை இன்றே அடையட்டும் என்று.

எனக்கும் அவற்றுக்கும் நடுவே
முழங்கை நீளத் தடிமனில் மஞ்சள் கண்ணாடி.
இயந்திரக் கைகளால் ஒன்றை எடுத்து,
குளிரவைத்து, தாங்கியில் நிறுத்துகிறேன்.
சம்மட்டி ஊசலாடி விழுகிறது.
சத்தம் இந்தப் பக்கம் வருவதில்லை.
ஜெல்மீரா எழுதிக்கொள்கிறாள்:
நாற்பத்தொரு ஜூல்.

உடைந்த முகத்தைப் பார்ப்பது என் வேலை.
கிழிந்த கம்பளிபோல் நார்நாராகச் சாம்பல் பூத்திருந்தால்
உடையுமுன் வளைந்து பார்த்திருக்கிறது.
கற்கண்டுபோல் மின்னினால்
யோசிக்கவே இல்லை.
இருபது வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்து
நகைக்கடைக் கண்ணாடி முன்னால்கூட
எனக்கு வயிறு கலங்குகிறது.

முப்பது ஆண்டு என்றுதான் முதலில் கணக்கு.
இப்போது அறுபது என்கிறது மேலிடம்.
வாஹ் ஆற்றங்கரை அடுக்குமாடிகள் எல்லாம்
ஜனவரியில் அந்தச் சுவரை நம்பித்தான் தூங்குகின்றன.
சாட்சிகளோ முப்பதுக்குத்தான் இருந்தன.
கடைசிச் சங்கிலியைப் போன மார்ச்சில் உடைத்தேன்.

ஆகவே பெட்டியைத் திறந்து
பழைய பாதிகளை எடுக்கிறோம்.
உடைந்த முனையைச் சீவி
இருபக்கமும் புது எஃகைப் பற்றவைக்கிறோம்.
நடுவில் விரல்நகம் அளவுதான் முதுமை.
அதில் மறுபடி ஒரு வெட்டு.
ஒருமுறை சொல்லி முடித்ததை
இன்னொரு தடவை சொல் என்கிறோம்.

"ஒட்டுப்போட்ட சாட்சி செல்லுமா?"
தணிக்கைக்கு வந்த போஹுஸ்லாவ் கேட்டார்.
"நடுத்துண்டில் சூடு ஏறாவிட்டால் செல்லும்,"
ஜெல்மீரா பேனாவை மூடவில்லை,
"ஏறினால் பட்டதையெல்லாம் மறந்துவிடும்.
புது எஃகுபோல் பேசும்."
அதனால்தான் பற்றவைக்கும்போது
குளிர்ந்த செம்பு இடுக்கியில் அதை இறுக்கிப் பிடிக்கிறோம்,
எதையும் மறக்கவிடாமல்.

நேற்று உடைத்தது
ஓரங்களில் சாம்பல், நடுவில் மினுக்கம்.
மினுக்கம் எத்தனை சதவீதம்
என்று ஒரு கட்டம் இருக்கிறது படிவத்தில்.
நாற்பது என்று எழுதினேன்.
விளக்கைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தேன்.
அடித்துவிட்டு
நாற்பத்தைந்து என்று எழுதினேன்.
வீட்டுக்கு வந்து வெகுநேரம்
ரேடியேட்டர்மேல் கை வைத்திருந்தேன்,
குளிர் அப்படியொன்றும் இல்லை.