மேற்கண்ட எதிலும் இல்லை

முதல் கேள்வியே சல்லடை.
உங்கள் வீட்டில் யாராவது
விளம்பரத் துறையில், பத்திரிகையில்,
மருத்துவமனையில் வேலை பார்க்கிறார்களா?
முதல் மாதம் உண்மையைச் சொன்னேன்.
மன்னிக்கவும், இந்த ஆய்வுக்கு நீங்கள் பொருந்தவில்லை
என்று மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள்.
ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை.

டயாலிசிஸ் லூர்துதான் சொல்லிக்கொடுத்தாள்:
"லூசு, கடைசிக் கட்டத்தைத் தொடு.
மேற்கண்ட எதிலும் இல்லை."

அன்றிலிருந்து ஐந்து ரோட்டு ஆஸ்பத்திரியில்
நான்காம் மாடியில், நீலச் சீருடையில்,
ஒரு பெட்பேனுக்கும் அடுத்ததற்கும் நடுவே
நான் எங்கும் வேலை பார்ப்பதில்லை.
வயது முப்பத்தாறு.
குடும்ப வருமானம் மாதம் ஒன்றேகால் லட்சம்.
கார் ஒன்று, கியர் தானாக மாறுவது.
வீட்டில் முடிவெடுப்பது யார் என்றால்
நானே என்கிறேன்.
குகையில் என் மாமியாருக்கு இது தெரியாது.

நாய் வளர்க்கிறீர்களா என்றது ஒருநாள்.
பன்னிரண்டு ரூபாய். வளர்க்கிறேன்.
ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து
எடை கூடியிருக்கிறதா என்கிறது.
இல்லாத நாயின் எடை யாருக்கு ஞாபகமிருக்கும்?
இப்போது மகனுடைய கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்:
பெண் நாய். பதினாலு கிலோ. கோழி ஒத்துக்கொள்ளாது.

சலுகைகள் தனிக் கதை.
விளையாட்டை இறக்கி இருபதாவது நிலைவரை
தக்காளி பறித்தால் நூற்றெண்பது.
பதினெட்டில் கெடு முடிந்தது.
ஏழு நாள் இலவசமென்ற யோகா செயலியை
எட்டாம் நாள் நிறுத்த மறந்ததில்
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது போச்சு.
அதை மீட்க இரண்டு மாதம்
ஷாம்பூ வாசனை பற்றியும்
ஏதோ வங்கியின் புதுச் சின்னம் பற்றியும்
அபிப்பிராயம் சொன்னேன்.
என்னிடம் அவ்வளவு அபிப்பிராயம் இருந்ததே
அப்போதுதான் தெரியும்.

நேற்று ராத்திரி ரெண்டு மணிக்குச் சுற்றுலா ஆய்வு.
கடைசியாகக் குடும்பத்தோடு எங்கே போனீர்கள்?
ஏற்காடு. சேலத்துக்காரி வேறென்ன சொல்வாள்.
போனதில்லை. படிக்கட்டு ஜன்னலில்
தினமும் இருக்கிறது, அவ்வளவுதான்.
மிகவும் பிடித்தது எது, நூறு எழுத்துக்குக் குறையாமல்.
ஏரி, படகு என்று அடித்தேன்.
போதாது என்று சிவந்தது.
எழுந்து ஜன்னலுக்குப் போனேன். எழுதினேன்:
*ராத்திரியில் மலைமேல் ஒரு வண்டி வெளிச்சம் ஏறும்.
வளைவில் காணாமல் போகும். எண்ணிக்கொண்டு நிற்பேன்.
பதினொன்றில் வரும், சிலது பதினாலில்.
ஒன்று வரவேயில்லை.
அங்கே யாருக்கோ வீடு இருக்க வேண்டும்.*
ஏற்றுக்கொண்டது. நாற்பது ரூபாய்.
கணக்கில் இப்போது நானூற்றுத் தொண்ணூற்றாறு.
ஐந்நூறு ஆனால்தான் எடுக்கலாம்.

விடிந்ததும் நானூற்றேழில் டிஸ்சார்ஜ்.
வாழப்பாடி மண்டிக்காரர், வலது கை கட்டில்.
மகன் பில் கட்டக் கீழே போயிருந்தான்.
கருத்துப் படிவத்தை நான்தான் நிரப்பணும்.
சாப்பாடு? நாலு போடு.
டாக்டர்? அஞ்சு.
சுத்தம்? அதுக்கும் நாலு.
அட்டெண்டரின் கவனிப்பு?
பேனாவோடு காத்திருந்தேன்.
என் முகத்தைப் பார்த்தார்,
அப்புறம் பையில் துருத்தும் போனை.
"மூணு போடும்மா.
கூப்பிட்டா வந்தே, இல்லேங்கல.
ஆனா ராத்திரி பூரா யாருக்கோ
பதில் சொல்லிட்டே இருந்தியே."

அஞ்சு போட்டிருக்கலாம்.
அவர் கண்ணாடி பெட்டிக்குள் போய்விட்டது.
மூன்றைச் சுழித்தேன்.

குகை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.
போனை எடுக்கவில்லை.
திருந்தியெல்லாம் இல்லை, சார்ஜ் தீர்ந்திருந்தது.
டவுன் தாண்டும்போது நினைத்துக்கொண்டேன்:
எடை கேட்டார்கள், இனம் கேட்டார்கள்,
அந்த நாயின் பெயரை
இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.