மூன்றாம் பக்கம், ஏழாவது கேள்வி

உங்கள் கவுன்டியில் மருத்துவர் எத்தனை பேர்?
பூஜ்ஜியம் என்று தட்டினேன்.
திரை சிவந்தது.
பதிவேட்டின்படி ஒருவர்.

அந்த ஒருவர் எவரிஸ்தோ மோந்தானோ.
வயது எண்பத்தொன்று.
இடக்கண்ணில் புரை, வலக்கையில் நடுக்கம்.
கடைசியாக அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டியது
ஈன முடியாமல் தவித்த ஒரு பசுவுக்காக.
ஆனாலும் மார்ச் பிறந்தால்
காசோலை எழுதி உரிமத்தைப் புதுப்பித்துவிடுவார்,
சிலர் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களே
அந்த மாதிரி.

நியூ மெக்ஸிகோவின் வடக்கு மூலை.
தலைக்கட்டு வாரியாக எண்ணினால்
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.
டயாலிசிஸுக்குத் தொண்ணூற்று நான்கு மைல்,
வாரத்துக்கு மூன்று தடவை.
பெனிக்னா போகும்போது ஸ்வெட்டர் பின்னுவாள்,
வரும்போது கண்ணாடியில் தலைசாய்த்துக் கிடப்பாள்.
அந்த ஸ்வெட்டருக்கு
ஒரு கை மட்டும் இன்னும் வரவில்லை.

வண்டி ஓட்டுவது நான்.
ரத்த அழுத்தம் பார்ப்பது நான்.
கழிவறை அடைத்துக்கொண்டால் அதுவும் நான்.
எனவே விண்ணப்பமும்.

நிதி தருகிறவர்களின் பாஷையை
ஐந்து நிராகரிப்புக் கடிதங்களிலிருந்து கற்றுக்கொண்டேன்.
‘பனியில் வண்டி சிக்கி செத்துப்போனார்’ என்று எழுதக் கூடாது.
‘சேவை அணுகலில் இடைவெளி’.
‘பயமாக இருக்கிறது’ என்பதற்குப்
பெட்டியே கிடையாது.

இல்லாமைக்கு மதிப்பெண் உண்டு.
நாற்பது வேண்டும்.
எங்களுக்கு முப்பத்தெட்டு.
அந்த ஒருவர் இல்லையென்றால் நாற்பத்து மூன்று.
எங்கள் ஏழ்மை
இரண்டு மதிப்பெண்ணில் ஃபெயில்.

அவர் வீட்டுக்குப் போனபோது
தண்ணீர் பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார்.
சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கு
மூன்று இடத்தில் தடுக்கியது.
அவர் ஒரு வாஷரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எவ்வளவு?
மூன்று வருடத்துக்கு ஆறு லட்சம் டாலர்.
ஒரு நர்ஸ், ஒரு வேன், மாதம் இரண்டு நாள் டாக்டர்.
வேனில் ஹீட்டர் இருக்குமா?
இருக்கும்.

உள்ளே போய்ச் சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றினார்.
அது இருந்த இடத்தில் மட்டும்
சுவர் பழைய நிறத்தில் இருந்தது.
துறக்கிறேன் என்ற படிவத்தில் கையெழுத்திட்டார்.
ஊரில் எந்த மருந்துக்கடைக்காரனும்
ஒரே தடவையில் படித்திராத கையெழுத்து அது.
அன்று மட்டும்
எழுத்தெழுத்தாக, நிறுத்தி நிறுத்தி,
ஒரு குழந்தைகூடப் படிக்கிற மாதிரி.

நான் எழுந்தேன்.
கையைக் கொடு என்றார்.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
அவர் விரல் நடுங்கியதா, என் நாடியா,
எனக்குத் தெரியவில்லை.
தொண்ணூற்றாறு. வேகம்தான். உப்பைக் குறை.
கதவு வரை வந்து,
இதைக் கணக்கில் எழுதிவிடாதே, என்றார்.

வாரியத்தின் பதில் வரப் பன்னிரண்டு நாள்.
கடைசித் தேதிக்கு நூலகத்து வாசலில் வண்டியை நிறுத்தி
அவர்கள் வைஃபையில் உட்கார்ந்திருந்தேன்.
நள்ளிரவு வரை நேரம் என்று போட்டிருந்தது.
அது வாஷிங்டனின் நள்ளிரவு.
எங்களுக்குப் பத்து மணி.
சாவுக்கும்கூட அவர்கள் கடிகாரம்தானோ
என்று தோன்றியது,
அதை எழுதவில்லை.

ஒன்பது ஐம்பத்தொன்று.
ஏழாவது கேள்வி.
பூஜ்ஜியம்.
திரை பச்சையானது.

முடிவு தெரிய நான்கு மாதம் ஆகும்.
நாளை செவ்வாய்.
பெனிக்னாவை ஏற்றிக்கொள்ள
நாலரைக்கு எழ வேண்டும்.
போகிற வழியில் மோந்தானோ வீட்டில்
விளக்கு எரியும்.
தபால் நிலைய வாசலில் இன்றைக்கும் யாரோ
சர்க்கரை ரிப்போர்ட்டை அவரிடம் நீட்டியிருக்கிறார்கள்.
வாங்கிப் பார்த்தாராம்.
நான் டாக்டர் இல்லை என்றாராம்.
சொல்லிவிட்டு,
சோடாவை நிறுத்து என்றாராம்.