முன்னால் போகிறவள்

பாலிக் பூலாவில் காலை ஒன்பது மணி.
ஆறு வண்டி, ஆறு தலைக்கவசம்,
உள்ளே யாரோ ஒருவரின் நேற்றைய வியர்வை.
"கட்டைவிரல்தான் எக்ஸிலரேட்டர், மெதுவா அழுத்துங்க.
வயலைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க."
மூன்று மொழியில் சொல்வேன்.
மூன்றிலும் வயலைத்தான் பார்ப்பார்கள்.

முன்னால் போகிறவள் நான்.
ஆனால் எனக்குத் தெரிந்த மலையெல்லாம்
கண்ணாடியில் உள்ளங்கை அளவு:
டுரியான் வலைகள், ஜாதிக்காய்த் தோப்பு,
நடுவில்
சேற்றில் சக்கரம் புதைந்து
கையாட்டும் ஈப்போ மாப்பிள்ளை.

இன்று நான்காம் வண்டி ஓடைக்குள் நின்றுபோனது.
ஹபிசுல் பிளக்கைக் கழற்றித் துடைக்க
எல்லா எஞ்சினையும் அணைக்கச் சொன்னேன்.
மேட்டுத் தோப்பில்
தொம்மென்று ஒரு பழம் விழுந்தது.
அத்தனை பேரும்
தலைக்கவசத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"தினம் இதைப் பார்க்கிறீங்க, கொடுத்து வச்சவங்க"
என்றார் சேலத்து டாக்டரம்மா.
தலையாட்டினேன்.
பிறகு, சும்மாதான்,
இருக்கையில் திரும்பி உட்கார்ந்தேன்.

நாலு வருஷமாக வலக்கைப் பக்கம் இருந்த தோப்பு
இடக்கைப் பக்கம் வந்திருந்தது.
அதற்குப் பின்னால் ஒரு நீலத் தகரக் கூரை,
கொடியில் பள்ளிச் சீருடை இரண்டு.
கண்ணாடியில் ஒருநாளும் விழாத வீடு.

"அக்கா, ஸ்டார்ட் ஆயிடுச்சு!"

திரும்பினேன். எண்ணினேன்.
ஐந்து.
மாப்பிள்ளை எங்கே?
சீருடைக் கொடியருகே
யாரிடமோ தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.