நான்கு துளைகள்

காசிமேட்டிலிருந்து வந்த அட்டைப்பெட்டிக்குள்
கறுப்பாக, தட்டையாக,
வெயிலில் உலர்ந்த திருக்கை போல
ஒரு துடுப்பு.
துடுப்பு என்றதும் வலிக்கிற துடுப்பைத் தேடினார் ஸ்டோர்காரர்.
ஃபின் என்றேன். பதிவேட்டில் "பின்" என்று எழுதிக்கொண்டார்.

இராணிப்பேட்டை தீயணைப்பு நிலையத்தில்
எங்களுக்கு ஒரு ரப்பர் படகு உண்டு.
வருஷத்தில் பத்து மாதம்
காற்றுப் போகாமல் இருப்பதுதான் அதற்கு வேலை.
பிறகு ஒருநாள் பாலாறு வரும்,
சொல்லாமல்.

குறை இதுதான்:
ஆக்சிலேட்டரைத் திருகினால் மூக்கைத் தூக்குகிறது.
காவேரிப்பாக்கம் ஏரியில் ஒத்திகை அன்று
முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல்
வானத்தைப் பார்த்தே கால் கிலோமீட்டர் ஓட்டினேன்.
முழுகிய கருவேல மரத்தின் உச்சி
இடது பக்கம் உரசியபோதுதான் கையைத் தளர்த்தினேன்.
மூக்கு இறங்கியது, ஏறியது, இறங்கியது,
பொய்க்கால் குதிரை.

ஃபின் மாட்டினால் அடங்கிவிடும் என்கிறான் அன்வர்.
புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தகட்டில்
நான்கே நான்கு துளை.
"துளைத்தால் வாரண்டி போச்சு,
ஆடிட்டுக்கு நான் என்ன எழுத?"
இது நிலைய அலுவலர் எபனேசர்.
வாலாஜா லேத்திலிருந்து ஏகாம்பரம் வந்து
தகட்டை நகத்தால் தட்டிப் பார்த்தார்.
"அலுமினியம்தான். அஞ்சு நிமிஷ வேலை.
போட்ட துளையை எடுக்கத்தான் எங்கிட்ட மிஷின் இல்ல."

எனக்கு வேறு பயம்.
வெள்ளம் வெறும் தண்ணீராக வருவதில்லை.
ஆகாயத்தாமரை, கூரைக் கீற்று, அறுந்த ஒயர்,
கொடியில் காய்ந்துகொண்டிருந்த யாருடைய சேலையோ.
இரண்டு சாண் அகலத் தட்டு
அதில் எதை விடும், எதைப் பிடிக்கும்?

மூன்று ராத்திரி தூக்கமில்லை.
நான்காம் ராத்திரி வேறொன்று உறைத்தது.
போன கார்த்திகையில் செங்கல் சூளைக் கொட்டகையை நோக்கி
இதே படகு, இதே மோட்டார், முழு வேகம்.
அன்று மூக்கு எழவில்லை.
அன்று முன்னால் முனிரத்தினம் இருந்தார்.
கயிற்றைக் கையிலும் டார்ச்சைப் பல்லிலும் பிடித்துக்கொண்டு,
தொண்ணூற்றிரண்டு கிலோ.
ஆனியில் திருப்பத்தூருக்கு மாற்றலாகிப் போனார்.

போன் போட்டு எடை கேட்டேன்.
"எதுக்குய்யா, பாடை கட்டவா?"
இப்போது எண்பத்தெட்டாம். சுகர்.

பெட்ரோல் டேங்கை இரண்டடி முன்னால் தள்ளினோம்.
பாலத்துக்கு அடியில் இறங்கி
இரண்டு அரிசிச் சாக்கில் மணல் அள்ளினோம்,
ஒன்றுக்கு நாற்பத்து நான்கு.
ஆர்.ஐ. வண்டியை நிறுத்தினார்.
மணலா? பர்மிட் எங்கே? எங்கே கொண்டுபோகிறீர்கள்?
திரும்ப ஆற்றுக்குத்தான் சார், என்றான் அன்வர்.
யூனிஃபார்மைப் பார்த்து விட்டுவிட்டார்,
முழுசாக நம்பவில்லை.

ஏரியில் திருகினேன்.
மூக்கு ஒரு சாண் எழுந்து, யோசித்து, படிந்தது.
கரை தெரிந்தது.
மதகு தெரிந்தது.
கருவேல உச்சியில் சிறகு விரித்து உலர்த்தும் நீர்க்காகம்,
போன தடவை நான் இடிக்கப் பார்த்தது இதன் வீட்டைத்தான்.

"சாக்கு டார்ச் பிடிக்காது சார்," என்றான் அன்வர்.
"இந்த எடைக்கு ஒரு தாயும் பிள்ளையும் ஏறலாம்."
ஏறட்டும், அவர்களை முன்னால் உட்காரவைத்து
மணலை ஆற்றிலேயே கொட்டிவிடலாம் என்றேன்.
துளையைக் கொட்ட முடியாது.
அவன் தலையாட்டவில்லை.
இருட்டில், சுழலில், ஒற்றைக் கையால்
சாக்கை அவிழ்ப்பது யார் என்று கேட்டான்.
பதில் சொல்லாமல் பிளக்கைத் துடைத்தேன்.

ஃபின் பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது.
தகட்டின் மேல் நான்கு பென்சில் புள்ளிகள்.
ஈரம் பட்டால் அழிந்துபோகும்.
வானிலை அறிக்கை இன்று மாலை
வடதமிழகத்தில் ஓரிரு இடங்களில் என்கிறது.
அன்வர் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறான்.